மார்பகத்தில் சாதாரணக் கட்டி: எடுக்கலாமா, விட்டுவைக்கலாமா?

"கேன்சர் இல்லை" என்று டாக்டர் சொன்ன நிமிடமே நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை மேசையில் வைத்த பிறகுதான் அடுத்த கேள்வி வரும். சரி, இந்தக் கட்டியை என்ன செய்வது? எனக்கு 27 வயதில் அந்தக் கேள்வி வந்தது, என் தங்கைக்கு 22 வயதில். இருவருக்கும் ஒரே வகைக் கட்டிதான். ஃபைப்ரோஅடினோமா என்று ரிப்போர்ட்டில் இருக்கும், நார்க்கட்டி என்றும் சொல்வார்கள். நான் விட்டுவைத்தேன், அவள் எடுத்துவிட்டாள். இரண்டு முடிவும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கான காரணங்கள், இப்போது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எடுப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால், கட்டியின் பெயர் உறுதிதானா என்று தெரிய வேண்டும். மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தது ஒன்று, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இன்னொன்று (வயது 40ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் சேரும்), ஊசியால் எடுத்த சதையின் பரிசோதனை மூன்றாவது. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதியாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்று மட்டும் வேறு மாதிரி சொன்னால், மற்ற இரண்டும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஸ்கேனில் எல்லா அடையாளமும் கச்சிதமாகப் பொருந்தினால், ஊசி இல்லாமலே விடுகிற வழக்கமும் உண்டு.

ஊசியிலும் இரண்டு வகை இருக்கிறது. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒன்று. தடித்த ஊசியால் நூல் போல ஒரு துண்டு சதையையே எடுக்கிற கோர் பயாப்ஸி இன்னொன்று. நீர்க்கட்டி என்றால் மெல்லிய ஊசி போதும். கெட்டியான கட்டிக்கு நான் கோர் பயாப்ஸியைத்தான் கேட்பேன். செல்கள் எந்த அமைப்பில் அடுக்கியிருக்கின்றன என்பது அதில்தான் தெரியும், நார்க்கட்டியையும் அதைப் போலவே இருக்கும் வேறு சில கட்டிகளையும் பிரிக்க அந்த அமைப்பு தேவை. எனக்குச் செய்தபோது ஊசி போடுவதற்கு முன்பே அதன் விசையை ஒரு தடவை காற்றில் தட்டிக் காட்டினார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம்தான் வரும், பயந்து அசைஞ்சிடாதீங்க" என்றார் அந்த டாக்டர். மரத்துப்போக முதலில் போட்ட ஊசிதான் சுருக்கென்று இருந்தது, அதற்கப்புறம் அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு வாரம் அந்த இடம் கன்றிப்போய்ப் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது, தானாக மறைந்துவிட்டது.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பைராட்ஸ் என்று எழுதி ஓர் எண் போட்டிருப்பார்கள். பலர் அதைப் புற்றுநோயின் நிலை என்று நினைத்து அழுதே விடுகிறார்கள். அப்படி இல்லை. படத்தைப் பார்த்துச் சந்தேகத்தின் அளவைக் குறிக்கிற எண் அது. 2 என்றால் சாதாரணம்தான் என்று உறுதி. 3 என்றால் அநேகமாகச் சாதாரணம், புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. 4 வந்தால் ஊசி போட்டே ஆக வேண்டும், ஆனால் 4 வந்தவர்களிலும் பலருக்குச் சாதாரணம் என்றே முடிகிறது. எனக்கு 3 வந்தது.

பெயர் உறுதியாகிவிட்டது, நார்க்கட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். வழிகள் நான்கு: விட்டுவைத்துக் கண்காணிப்பது, வெட்டி எடுப்பது, உறிஞ்சு ஊசியால் எடுப்பது, உறைய வைத்து அழிப்பது.

விட்டுவைப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். "இவ்வளவு செலவு பண்ணிக் கண்டுபிடிச்சுட்டு அதை உள்ளேயே வெச்சுக்கிட்டா எப்படி?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இந்தக் கட்டியின் குணத்தில் இருக்கிறது. நார்க்கட்டி 15 முதல் 35 வயதுக்குள்தான் அதிகம் வரும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். சில சுருங்கும், சில அப்படியே கிடக்கும், மாதவிடாய் நின்ற பிறகு பல வற்றிவிடும். அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. எனவே உறுதியான, சின்ன, வலிக்காத நார்க்கட்டியை உடம்புக்காக எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால் விட்டுவைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, தேதி வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்பது கண்காணிப்பு ஆகாது. வழக்கமாக 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் எடுத்து அளவு பார்ப்பார்கள். இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். என்னுடையது முதலில் 18 மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் 19 என்று வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஸ்கேன் எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். கருவியைக் கொஞ்சம் சாய்த்தார், 18. மறுபடி நிமிர்த்தினார், 19. கையின் அழுத்தத்துக்கும் கோணத்துக்கும் தகுந்தபடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பார்க்க வேண்டியது நீண்ட பக்கத்தின் அளவு ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 20 சதவீதத்துக்கு மேல், கூடியிருக்கிறதா என்பதை. முடிந்தால் அதே இடத்தில், அதே மாதிரிக் கருவியில் எடுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை இல்லாமல் புதிய அளவுக்குப் பெரிதாக அர்த்தம் இல்லை.

இந்த வழியின் சிரமம் மனசில்தான். குளிக்கும்போதெல்லாம் கை அங்கே போகும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மார்பு கனத்துக் கட்டியும் பெரிதானது போலத் தோன்றும். அந்த வாரத்தில் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், மாதவிடாய் முடிந்த பிறகு பாருங்கள். சிலருக்கு இந்தப் பதற்றம் ஓரிரு மாதத்தில் அடங்கிவிடும். அடங்காதவர்களும் இருக்கிறார்கள். தூக்கமே போய்விடுகிற அளவுக்குப் பயம் இருந்தால், அதையும் எடுப்பதற்கான காரணமாக டாக்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதைப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தங்கையின் கதை வேறு. அவளுக்கு முதலில் 26 மில்லிமீட்டர், ஆறு மாதத்தில் 33. கோணத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தும் குறையவில்லை. அந்த வளர்ச்சியைப் பார்த்த சர்ஜன், எடுத்து முழுசாகப் பரிசோதிப்பதே நல்லது என்றார். "உனக்கு மட்டும் ஏன் அக்கா விட்டுட்டாங்க?" என்று அவள் கேட்டபோது, இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு.

ஆபரேஷன் சின்னதுதான். பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். முழு மயக்கத்திலும் செய்வார்கள், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தும் செய்வார்கள். இதன் பெரிய பலம், கட்டி உடையாமல் முழுசாக வெளியே வருவது. நோய்க்குறியியல் டாக்டர் அதை வெட்டி எல்லாப் பக்கமும் பார்க்க முடியும், ஊசியில் வந்த பதிலுக்கு முற்றுப்புள்ளி வைக்க முடியும். பெரிய கட்டிக்கும் வேகமாக வளர்கிற கட்டிக்கும் இதுதான் வழி. விலை என்னவென்றால் தழும்பு. எங்கே கீறப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள், இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கீறினால் தழும்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காம்பின் உணர்ச்சி குறையவும் பால் நாளங்கள் அறுபடவும் வாய்ப்பு இருக்கிறது. மார்பின் அடிமடிப்பில் கீறினால் பால் நாளங்களுக்குப் பாதிப்பு குறைவு. கட்டிக்கு நேர் மேலே கீறினால் வேலை சுலபம், தழும்பு தெரியும். தழும்பு தடித்துப் புடைக்கிற தோல் சிலருக்கு உண்டு. காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்கு அப்படித் தடித்திருந்தால் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். இதுதவிர இரத்தம் கட்டுவது, சீழ் வைப்பது, எடுத்த இடத்தில் லேசான பள்ளம், இவையும் வரலாம்.

எடுத்துவிட்டால் இனி வரவே வராது என்று நினைத்து ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எடுத்தது போகும், ஆனால் வேறு இடத்தில் புதியது வரலாம். இரண்டு மூன்று கட்டிகள் உள்ளவர்கள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தால் தழும்புதான் மிஞ்சும். அவர்களுக்குச் சந்தேகமானதை மட்டும் எடுத்து, மற்றதைக் கண்காணிப்பதே பெரும்பாலும் நல்லது. மார்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற சிறுமிகளுக்கும் கத்தியை ஒத்திப்போடுவதே நல்லது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி மடமடவென்று வளர்ந்து மார்பின் வடிவத்தையே மாற்றுகிற கட்டி அதற்கு விலக்கு.

உறிஞ்சு ஊசி முறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை போதுமான அளவு பேசப்படாத வழியும் அதுதான். மரக்க வைத்து, சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு தடித்த ஊசியைக் கட்டிக்கு அடியில் செலுத்துவார்கள். உள்ளே சுழலும் கத்தி கட்டியைத் துண்டு துண்டாக அறுக்க, வெற்றிடம் அதை வெளியே இழுக்கும். பெரும்பாலும் தையல் தேவைப்படாது, பிளாஸ்டரோடு வீட்டுக்குப் போய்விடலாம். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு இது பொருந்தும். தழும்பை நினைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுபவர்கள் முதலில் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். குறைகளும் உண்டு. உள்ளே இரத்தம் கட்டிக் கன்றிப்போவது அதிகம், கொஞ்சம் மிச்சம் தங்கி மறுபடி வளரலாம். துண்டுகளாக வருவதால், ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பரிசோதனையில் சொல்ல முடியாது. உறுதியான நார்க்கட்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. பெயரே சந்தேகமாக இருந்தால் அதுவே பெரிய குறையாகிவிடும். தங்கைக்கு இதைத் தராததற்கு அதுதான் காரணம்.

உறைய வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2001இலேயே ஒப்புதல் கிடைத்தது. கட்டிக்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்துக் கடுமையாகக் குளிர வைப்பார்கள், உருக விட்டு மறுபடி உறைய வைப்பார்கள். செத்த திசு மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும். கட்டி வெளியே வராது, பரிசோதிக்க எதுவும் கிடைக்காது. அதனால் கோர் பயாப்ஸி இல்லாமல் இதற்குப் போகவே கூடாது. கையில் தட்டுப்படுவதும் உடனே போய்விடாது. கட்டி இல்லாமல் போன உணர்வு உடனே வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் ஏறுவதால் நார்க்கட்டி வளரலாம், பிரசவம் ஆகித் தாய்ப்பால் நிறுத்திய பிறகு பெரும்பாலும் வற்றும். சின்னக் கட்டிக்காக அவசர ஆபரேஷன் வேண்டியதில்லை. ஏற்கனவே மூன்று சென்டிமீட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டம் என்றால், முன்பே எடுத்துவிடுவது பற்றி டாக்டரிடம் பேசலாம்.

இதுவரை சொன்னது விருப்பத்துக்கு இடம் இருக்கிற நிலைமை. இடமே இல்லாத நிலைமைகளும் உண்டு. ரிப்போர்ட்டில் ஃபிலோடிஸ் என்ற சொல்லோ, ஃபிலோடிஸை ஒதுக்க முடியவில்லை என்ற வரியோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஃபிலோடிஸ் வேறொரு வகைக் கட்டி. தொடுவதற்கும் ஸ்கேனுக்கும் நார்க்கட்டி போலவே இருக்கும், ஆனால் விட்டால் வளரும், எடுத்த இடத்திலேயே திரும்பியும் வரும். சிலவகை ஃபிலோடிஸ் புற்றாகவும் இருக்கும். அடிப்பியா என்ற சொல்லும் அப்படித்தான், செல்களின் அமைப்பு வழக்கத்திலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். பால் நாளச் செல்களில் அது இருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஊசி எடுத்த துண்டுக்குப் பக்கத்திலேயே அதைவிட மோசமானது இருக்கக்கூடும் என்பதால். அடிப்பியா ஏன் முக்கியம் என்பதை, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சாதாரணம் என்று பயாப்ஸி முடிவு வந்த 9,087 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. செல்பெருக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கு, பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட லேசாகத்தான் கூடியிருந்தது, 1.27 மடங்கு. செல்பெருக்கம் இருந்து அடிப்பியா இல்லையென்றால் 1.88 மடங்கு. அடிப்பியா இருந்தால் 4.24 மடங்கு. "சாதாரணம்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

காம்பிலிருந்து, ஒரே ஒரு துளை வழியாக, தானாகவே இரத்தம் கலந்த நீர் வந்தால் அது பால் நாளத்துக்குள் வளர்கிற பாப்பிலோமா என்ற சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம். அடிப்பியா இருந்தால் எடுக்க வேண்டும். இல்லாமல் சின்னதாக இருந்தால் உறிஞ்சு ஊசி, சிலசமயம் கண்காணிப்பு மட்டுமே போதும். அந்த ஒரு நாளத்தை மட்டும் எடுத்தால் பின்னாளில் பாலூட்ட முடியும், எல்லா நாளங்களையும் எடுத்தால் அந்தப் பக்கம் பாலூட்ட முடியாது. இளம் பெண்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

நீர்க்கட்டியில் முடிவு சுலபம். 35லிருந்து 50 வரை அதிகம் வரும். உள்ளே வெறும் நீர்தான் என்று ஸ்கேன் சொன்னால், வலிக்காத வரை விட்டுவிடலாம். வலித்தால் ஊசியால் நீரை எடுத்தால் உடனே அமுங்கும், பிறகு நிரம்பவும் செய்யும். வந்த நீரில் இரத்தம் இருந்தாலோ, நீர் போன பின்னும் கட்டி தட்டுப்பட்டாலோ, சுவரில் சதை வளர்ந்திருந்தாலோ அடுத்த பரிசோதனை தேவை.

கட்டியே இல்லாமல் வலி மட்டும் என்றால், முதல் மருந்து "ஒன்றுமில்லை" என்ற உறுதிதான். நிறையப் பேருக்கு அதிலேயே குறைந்துவிடுகிறது. அளவு சரியான பிரா, ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் தாங்கிப் பிடிக்கிற பிரா, டைக்ளோஃபெனாக் ஜெல், இவற்றை முதலில் முயலுங்கள். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை இன்னும் நிறைய எழுதிக் கொடுக்கிறார்கள். போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளில் அது அதைவிடப் பெரிதாக உதவவில்லை. டமாக்சிஃபென், டானசோல் இரண்டும் வலியைக் குறைக்கும். ஆனால் முதலாவதில் இரத்தம் உறையும் அபாயமும் உடம்பு கொதிப்பதும், இரண்டாவதில் குரல் தடிப்பதும் முடி வளர்வதும் உண்டு, கர்ப்பத்தில் இரண்டுமே கூடாது. வாழ்க்கையே முடங்குகிற வலிக்கு, சில மாதங்களுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

பாலூட்டும் தாய்க்குச் சீழ்க்கட்டி வந்தால் கீறுவதா, ஊசியால் எடுப்பதா என்ற கேள்வி வரும். ஸ்கேனில் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சி, ஆன்டிபயாடிக்கும் தந்து, தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி எடுப்பதே இப்போது முதல் தேர்வு. காயம் சின்னது, பாலூட்டுவதைத் தொடரலாம். தொடரவும் வேண்டும், பால் தேங்கினால் இன்னும் மோசமாகும். மேல்தோல் மெலிந்து கருக்க ஆரம்பித்துவிட்டால், அப்போது கீறித்தான் ஆக வேண்டும். பாலூட்டாத பெண்ணுக்குத் திரும்பத் திரும்பச் சீழ் வைத்தால் புகைப்பழக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிரானுலோமாட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சியையும் நினைவில் வைப்பார்கள். புற்றுநோய் போலவே ஏமாற்றும் அது, வெட்டினால் புண் ஆற நாளாகும், திரும்பியும் வரும். ஸ்டீராய்டு பலருக்குக் கேட்கும். தொடங்குவதற்கு முன் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மருந்தே நோயை வளர்த்துவிடும்.

தங்கையின் ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் முழுக் கட்டியின் ரிப்போர்ட் வந்தது. நார்க்கட்டியேதான். "அப்போ சும்மாதான் எடுத்தேனா அக்கா?" என்றாள். சும்மா இல்லை, வளர்ந்த கட்டி என்ன என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழியாக இருந்தது. என்னுடையது இரண்டாவது வருடம் 17 மில்லிமீட்டர். இனி இதற்காக வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை இன்னும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். தோல் ஆரஞ்சுத் தோல் போல ஆவது, பள்ளம் விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ஆறாத புண், அக்குளில் கட்டி, மருந்துக்கும் அடங்காத சிவப்பு, பழைய கட்டி திடீரென்று வளர்வது. இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல், பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த வாரமே வரச் சொல்லியிருக்கிறார்கள்.